கடைசிக் காட்சியின் மாடி ஜன்னல்

லெஸ் பிம்லெட்டுக்கு முடி வெட்டுகிறவர் அவரைக் கென் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்க வேண்டும். லெஸ் திருத்தவில்லை. அடுத்த முறையும் திருத்தவில்லை. "முதல் தடவையே சொல்லியிருக்கணும், கண்ணு. ரெண்டாவது தடவை சொன்னா அந்த மனுஷன் சங்கடப்படுவாரு" என்பது அவர் நியாயம். வருடங்கள் ஓடின. முடிவெட்டுகிறவர் இறந்துபோனபோது லெஸ் அனுப்பிய மலர் வளையத்தில் 'அன்புடன், கென்' என்று எழுதியிருந்தது.

"பின்னே? லெஸ்னு எழுதினா அந்தக் குடும்பத்துக்கு யாருன்னு தெரியுமா?"

இதையெல்லாம் அவரேதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். மீன் வறுவல் கடையில் ஒரு நாள் கேட்காமலே மசித்த பட்டாணியை அள்ளிப் போட்டுவிட்டார்கள். அவருக்குப் பட்டாணி ஆகாது. ஆனால் போட்ட பெண் சிரித்த முகமாகப் போட்டாளாம். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டாணி. "பழகிடுச்சான்னு கேக்காதே. இன்னைக்கும் மூச்சை அடக்கிட்டுத்தான் முழுங்கறேன்" என்பார்.

லெஸ் ஜன்னல் துடைப்பவர். வாளி, ரப்பர் பட்டை, தோல் துணி, மடக்கு ஏணி. மாமாவிடமிருந்து வந்த தொழில். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரான ஆல்டர்ஷாவின் மேட்டுத் தெருக்கள் அத்தனையும் அவர் கைக்குள். எழுபதை நெருங்கியும் ஏணியை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருவார். துடைத்து முடித்ததும் சமையலறையில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பார். பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து கோப்பைக்குள் விழும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்; இந்தக் கதையில் நடந்த ஒரே ரகளைக்கு நான்தான் காரணம். கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்தது முதல், இருபது வருடத்துக்கு மேலாக நான் ஆல்டர்ஷாவாசி. தமிழ்நாட்டில் வரும் ஒரு வார இதழுக்குத் தொடர்கதை எழுதி அனுப்புகிறேன். என் கதைகளில் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்ப மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரம் பெட்டியை எடுப்பாள். இரண்டாம் வாரம் குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். மூன்றாம் வாரம் வாசலில் மாமியார் மயங்கி விழுவாள். "அவளைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், எங்களால் முடியவில்லை" என்று வாசகர்கள் கெஞ்சி எழுதியதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவளை விதி கொண்டுபோய் 'தொலைந்த பொருள்' ரசிகர் சங்கத்தில் சேர்த்தது.

ஆல்டர்ஷாவுக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது 'தொலைந்த பொருள்'தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் வந்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். வெளிக் காட்சிகளை எங்கள் பஸ் நிலையத்தில் எடுத்தார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடை, பல்செட், ஒற்றைக் கையுறை எல்லாம் வந்து சேரும் அறையில் மிஸ்டர் ஸ்பராக் என்று ஓர் அதிகாரி; அவருக்கு உதவியாக மிஸ் வின்டர். அவருக்கு அவள்மேல் ஆசை. அவளுக்கும்தான். ஒவ்வொரு வாரமும் முடிகிற நேரத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ் வின்டர்..." என்று ஆரம்பிப்பார். உடனே யாராவது வந்து மணியை அடித்து, என் பல்செட் கிடைத்ததா என்று கேட்பார்கள். ஆறு வருடம் இப்படியே போனது. நாடே வாரா வாரம் உட்கார்ந்து, அவர் சொல்லாமல் போவதைப் பார்த்துச் சிரித்தது.

முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க ஆறு வருஷமா?" என்று சங்கக் கூட்டத்தில் கத்தியேவிட்டேன். சங்கச் செயலாளர் ஏவ்ரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப ரசிச்சுப் பாக்கறீங்க, செல்லம்" என்றாள்.

கடைசி அத்தியாயம்தான் விசேஷம். மிஸ் வின்டருக்கு ஹல் நகரத்துக்கு மாற்றலாகிவிடுகிறது. பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். குடையை மறந்துவிட்டாள். ஸ்பராக் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். பஸ் நகர்கிறது. அவர் நடுத்தெருவில் நிற்கிறார். பஸ்ஸின் பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது. அதோடு படம் உறைந்து பாட்டு வந்துவிடும்.

பஸ் அவருக்காக நின்றதா, முன்னால் சிக்னல் விழுந்ததா? சங்கத்தில் இதற்காக இரண்டு கட்சி. 'நின்றது' கட்சி இடப்பக்க நாற்காலிகளில் உட்காரும். 'சிக்னல்' கட்சி வலப்பக்கம். கணவன் ஒரு பக்கமும் மனைவி மறு பக்கமுமாக உட்கார்ந்து, இடைவேளையில் நடுவில் சந்தித்து முட்டை சாண்ட்விச் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு. நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கடைசிக் காட்சியில் லெஸ் இருக்கிறார்.

நடிகராக இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பீட்டு அலுவலகம் இருந்தது. அன்று அதன் மாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். படக்குழுவினர், "நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு, இந்தப் பக்கம் திரும்பாதே" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் திரும்பவில்லை. அதனால் கீழே ஸ்பராக் ஓடுவதும் பஸ் போவதும் நடக்கும்போது, மேலே ஏணியில் ஒரு முதுகு தெரியும். அதுதான் லெஸ்.

எங்கிருந்தெல்லாமோ ரசிகர்கள் வந்து அவரைப் பிடித்துக்கொள்வார்கள். "நீங்கதான் மேலே இருந்தீங்களே, பஸ் நின்னுச்சா?"

"என் முதுகைப் பாருங்க. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்பார். "பிரிட்டன்ல எல்லாரும் பாத்த காட்சி. பாக்காத ஒரே ஆளு நான்தான்."

அவர் அந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை என்னிடம் சொன்னது, சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், எங்கள் சமையலறையில். கடைசி அத்தியாயத்தைச் சங்கம் எல்லா வருடமும் போடுவதில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறைதான். சும்மா சும்மா போட்டால் முடிவுக்கு மரியாதை இருக்காது என்று ஒரு விதி. அந்த முறை அடுத்த மாதம் வரவிருந்தது. மெதடிஸ்ட் சபைக் கூடத்தில், சுவர் அகலத்துக்கு விரிக்கும் திரையில்.

"அந்த ஜன்னலுக்கு உள்ளே நோரின் இருக்கா" என்றார் லெஸ்.

நோரின் அவர் மனைவி. இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கும் நன்றாகத் தெரிந்தவள், வாய் ஓயாது.

"அவ அந்த ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அன்னைக்கு வரைக்கும் நான் அவளைப் பாத்ததே இல்ல. நான் துடைச்சுட்டே இருக்கேன், உள்ளேருந்து ஒரு விரல் வந்து கண்ணாடியில தட்டுது. இங்க விட்டுட்டேங்கற மாதிரி. துடைச்சேன். வேற எடத்துல தட்டினா. அங்கயும் துடைச்சேன். அப்புறம் பாத்தா சுத்தமா இருக்கற எடத்துல எல்லாம் தட்டறா. சிரிக்கறா. எல்லாம் படத்துல இருக்கு, கண்ணு."

"இதை ஏன் இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. எல்லாரும் பஸ்ஸைத்தானே கேட்டாங்க."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பிஸ்கெட்டை நனைத்தார்.

"அவ அசையற மாதிரி வேற படமே எங்ககிட்ட இல்ல. கல்யாணத்துக்கு அவ அண்ணன் வீடியோ எடுத்தான். லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்துட்டான். ஒரு மணி நேரம் ஒரே இருட்டு. சத்தம் மட்டும் நல்லா கேக்கும். என் மச்சினி ரெண்டு தடவை தும்மறது தெளிவா பதிவாயிருக்கு."

"வீட்டுல டிவியில போட்டுப் பாக்கலாமே?"

"பாக்கறேன். என் கட்டைவிரல் நகம் அளவுல இருக்கா. கண்ணாடி போட்டுக்கிட்டா சாயல் தெரியும், மூஞ்சி தெரியாது. கூடத்துத் திரையில ஆளுயரத்துக்கு இருப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "போன தடவை போட்டப்போ என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. 'ஐயையோ, என் தலையைப் பாரு'ன்னு என் தோளுக்குப் பின்னால மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டா. நான் திரையையே பாக்கலை. அசல் ஆளே பக்கத்துல இருக்கும்போது படத்தை எதுக்குப் பாக்கறது?"

அடுத்த முறை பத்து வருடம் கழித்துத்தான். அவர் வயதுக்கு அதை நம்பி இருக்க முடியாது. கோப்பைக்குள் பிஸ்கெட் உடைந்து விழுந்தது. "போச்சு" என்று கரண்டியால் தேட ஆரம்பித்தார்.

அன்று இரவு நான் எழுத வேண்டிய அத்தியாயத்தில் தேவையே இல்லாமல் இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

அடுத்த வாரம் சங்கத்தின் செயற்குழு கூடியது. சபைக் கூடத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறை, மின் கணப்பு, ஒரு தட்டு பிஸ்கெட், லெஸ்ஸும் நானும் சேர்த்து ஆறேழு பேர். தலைவர் ரோலண்ட், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். அவர் பையிலிருந்து புத்தம் புதிய டிவிடி பெட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"தூசு தட்டி, நிறம் திருத்தி, புதுசா வெளியிட்டிருக்காங்க. இப்போ இருக்கற அகல டிவிக்குப் பொருந்தற மாதிரி. பழைய சதுரப் படம் மாதிரி ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்காது. பாருங்க, அட்டையிலேயே கடைசிக் காட்சி!"

பெட்டி கைமாறிக் கைமாறி வந்தது. எனக்கு முன்னால் லெஸ் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் தந்தார்.

சதுரப் படத்தை அகலமாக்க வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்ட வேண்டும். வெட்டியிருந்தார்கள். நடுவில் ஸ்பராக், குடை, பஸ், சிவப்பு விளக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தன. மேல் ஓரத்தில் ஓர் ஏணியின் கால்களும், அதன் படியில் இரண்டு பூட்ஸும் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. லெஸ் முழங்காலோடு முடிந்திருந்தார். ஜன்னலே இல்லை.

"அப்போ இந்தத் தடவை புதுசைப் போடலாம்னு நான் தீர்மானம் கொண்டுவர்றேன். யாருக்காவது ஆட்சேபணை?"

யாருக்கும் இல்லை. ஏவ்ரில் பேனாவைப் பார்த்தாள். மற்றவர்கள் பிஸ்கெட்டைப் பார்த்தார்கள். "உங்க இஷ்டம்" என்றார் ஒருவர். "எனக்கு எதுவானாலும் சரி" என்றார் இன்னொருவர். நான் மேஜைக்கு அடியில் லெஸ்ஸின் காலை ஓர் உதை விட்டேன்.

"வழிமொழியறது யாரு?" என்றார் ரோலண்ட்.

ஒருவரும் கை தூக்கவில்லை. கணப்பு மட்டும் 'டிக் டிக்' என்றது. ரோலண்டின் முகத்திலிருந்த பிரகாசம் மெல்ல மெல்ல இறங்கியது. இந்த ஊரில் மழையைத் தாங்குவார்கள், குளிரைத் தாங்குவார்கள். ஒரு மனிதன் நடுவே இப்படித் தனியாக நிற்பதை மட்டும் தாங்கமாட்டார்கள். இன்னோர் உதை விட்டேன்.

ஒரு கை மேலே போனது. லெஸ்ஸின் கை.

"நான் வழிமொழியறேன்" என்றார்.

திரும்பி நடக்கும்போது தூறிக்கொண்டிருந்தது. நான் குடைக்குள்ளிருந்து வெடித்தேன்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? உங்க பெண்டாட்டியை நீங்களே வெட்டிட்டு வந்திருக்கீங்க!"

"ரோலண்ட் பாவம், கண்ணு. யாரும் கை தூக்கலை. அவன் மூஞ்சியைப் பாத்தியா?"

"அப்போ உங்க மூஞ்சி?"

"என் மூஞ்சிதான் படத்துலயே இல்லையே. பழைய படத்துலயும் இல்ல." சிரித்தார். சிரிப்பு கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. "நீ யாருகிட்டயும் சொல்லாதே. தீர்மானம் ஆயிடுச்சு. ரகளை வேண்டாம். அப்புறம், என் முட்டி வீங்கிடுச்சு. உதைக்கறதுன்னா கொஞ்சம் கீழே உதைக்கக் கூடாதா?"

வாக்குக் கொடுத்தேன். என் கதைகளில் வாக்குக் கொடுத்த யாரும் ஒரு வாரத்துக்கு மேல் அதைக் காப்பாற்றியதில்லை. ஆனாலும் நான் காப்பாற்றினேன், கிட்டத்தட்ட கடைசிவரை.

சனிக்கிழமை மதியம் சபைக் கூடம் நிறைந்துவிட்டது. வெளியூர் கார்கள் சர்ச் தெரு முழுக்க நின்றன. நெதர்லாந்திலிருந்துகூட ஒரு தம்பதி வந்திருந்தார்கள்; அங்கேயும் இந்தத் தொடர் ஓடியிருக்கிறது. இடப்பக்கம் 'நின்றது', வலப்பக்கம் 'சிக்னல்'. நீள மேஜையில் முட்டை சாண்ட்விச், இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, கேக். லெஸ் கறுப்புக் கோட்டு போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையை அழுத்தி வாரியிருந்தார். பூட்ஸை மட்டும் பார்ப்பதற்கா இத்தனை அலங்காரம்?

"பல் தேய்ச்சு, குளிச்சு, கோட்டு போட்டு வந்திருக்கேன். என் கணுக்காலுக்கு நான் குடுக்கற மரியாதை" என்று என் காதில் சொன்னார்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், வசனத்தைக் கூடவே சேர்ந்து சொன்னார்கள். லெஸ்ஸும் சிரித்தார். பிறகு அந்தத் தெரு வந்தது. ஸ்பராக் குடையோடு ஓடி வந்தார். திரையின் மேல் ஓரத்தில் இரண்டு பூட்ஸ், ஒவ்வொன்றும் அசலைவிடப் பெரிது.

"நல்லா துலக்கியிருக்காங்க" என்று முணுமுணுத்தார் லெஸ். "அன்னைக்கு அவ்ளோ சுத்தமா இல்ல."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் அனைவரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெஸ் மட்டும் திரைக்கு மேலே, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தை.

"நிறுத்துங்க!" என்று எழுந்து நின்றேன்.

மணமேடை முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து 'நிறுத்துங்கள்' என்று கத்தும் கதாநாயகிகளை என் பேனா எத்தனையோ முறை படைத்திருக்கிறது. எழுதும்போது அவர்கள் கூந்தல் காற்றில் பறக்கும். என் விஷயத்தில் நாற்காலி மடங்கி, பின்னால் இருந்தவரின் கேக் தட்டின்மேல் விழுந்தது. படம் நின்றது. விளக்கு எரிந்தது.

இந்த ஊரில் ஒருவர் திடீரென்று கத்தினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். ரோலண்ட் ஓடி வந்தார். "உடம்புக்கு முடியலையா? யாராவது அந்தக் கதவைத் திறங்க, காத்து வரட்டும்!" யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளியும் என்று ஏவ்ரில் என் தலையைப் பிடித்து முழங்காலுக்கு நடுவே அமுக்கப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை!" என்றேன் ஏவ்ரிலின் கைகளுக்கிடையிலிருந்து. "நீங்க அவரோட பெண்டாட்டியை வெட்டிட்டீங்க!"

நெதர்லாந்துக்காரர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காரும்மா" என்று லெஸ் என் புடவைத் தலைப்பை இழுத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "அவ சும்மா சொல்றா. நீங்க போடுங்க. டீ ஆறுது."

நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, ஜன்னல், விரல், நோரின், லென்ஸ் மூடி எல்லாம். அழுகையோடு சொன்னதால் பாதி யாருக்கும் விளங்கியிருக்காது என்று நினைத்தேன்; விளங்கியிருந்தது. நான் முடித்தபோது யாரும் லெஸ்ஸின் பக்கம் பார்க்கவில்லை. அதுதான் இவர்கள் மரியாதை. எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

ரோலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா நீதானே வழிமொழிஞ்சே, லெஸ்?"

"வேற யாரும் கை தூக்கலையேப்பா. நீ தனியா நின்னுட்டிருந்தே."

"யாரும் வழிமொழியலைன்னா நான் விட்டிருப்பேனே! எனக்கே அந்த அகலப் படம் பிடிக்கலை. பாதிப் பேருக்குத் தலை உச்சியே இல்லை. உங்களுக்கெல்லாம் புதுசா வேணும்னு நெனச்சு வாங்கிட்டேன்."

"எங்களுக்கா?" என்றாள் ஏவ்ரில். "எனக்குப் பழசுதான் வேணும். நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்களேன்னு பேசாம இருந்தேன்."

"நானும்தான்" என்றார், எது ஆனாலும் சரி என்றவர்.

"நானும்" என்றார், உங்கள் இஷ்டம் என்றவர்.

ஆக, ஒருவருக்கும் வேண்டாத ஒன்றை, ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று, ஒருமனதாக நிறைவேற்றியிருந்தார்கள். நான் பிறந்த ஊரின் சொத்துத் தகராறுகளில்கூட இவ்வளவு சேதம் வந்து நான் பார்த்ததில்லை.

"அப்போ பழசைப் போடணும்னு விரும்பறவங்க..." என்று ரோலண்ட் வாய் திறப்பதற்குள் கூடம் முழுக்கக் கைகள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகக் கை தூக்கியது சங்க வரலாற்றில் அதுதான் முதல் தடவை. நெதர்லாந்துத் தம்பதிக்கு ஓட்டு இல்லை, அவர்களும் தூக்கினார்கள். லெஸ் ஒருவர்தான் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

பழைய டிவிடி அலமாரியில், கிறிஸ்துமஸ் தோரணங்களுக்கு அடியில் கிடைத்தது. ரோலண்ட் அதைச் சட்டையில் துடைத்துப் போட்டார். படத்தை ஓட்டிக்கொண்டே போய் அந்தத் தெருக் காட்சிக்கு வந்தார்.

சதுரப் படம். நிறம் மங்கல், ஓரமெல்லாம் நடுக்கம். மேல் பாதியில் ஒரு முதுகு, மெலிந்த இளைஞனின் முதுகு. அதற்கு அப்பால் ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு பெண், கடுகு நிறக் கம்பளிச் சட்டை, தலை பறவைக் கூடு மாதிரி. ஆளுயரம்.

அவள் விரலால் கண்ணாடியைத் தட்டினாள். இளைஞன் துடைத்தான். வேறிடத்தில் தட்டினாள். அங்கே துடைத்தான். கீழே ஸ்பராக் ஓடுகிறார், குடை பறக்கிறது, பஸ் உறுமுகிறது. நாற்பது வருடமாக நாடு பார்த்து அங்கலாய்த்த காட்சி அது. அன்று ஒருவரும் கீழே பார்க்கவில்லை. கூடத்தில் அத்தனை கழுத்தும் மேலே நிமிர்ந்திருந்தது. அவள் ஒரு சுத்தமான கண்ணாடியைத் தட்டிவிட்டு, அவன் அதையும் துடைப்பதைப் பார்த்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சத்தம் இல்லை. வாய் மட்டும் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. படம் உறைந்தது. அவள் சிரித்தபடியே நின்றாள்.

பாட்டு முடிந்தது. நெதர்லாந்துக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார், மெதுவாக; நான் அழுதுகொண்டே சொன்னது அவருக்கு மட்டும் விளங்கவில்லை போலும்.

"அந்த ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?"

"பண்ணிக்கிட்டாங்க" என்றாள் ஏவ்ரில்.

"அப்பாடா" என்று அவர் தன் மனைவியைப் பார்த்தார்.

நான் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு லெஸ்ஸின் பக்கம் திரும்பினேன். என் கதையாக இருந்தால் இந்த இடத்தில் திரையைத் தொட்டு, 'நோரின்' என்று அலறி, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் அழுதிருப்பார். அவர் அழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சாயல் மட்டுமே தெரிந்த இடத்தில் ஒரு முகம் கிடைத்த மனிதரின் வாய் அது.

ஏவ்ரில் எழுந்தாள். "டீ போடட்டுமா?" என்றாள், எல்லோரையும் காப்பாற்றும் குரலில். நாற்காலிகள் நகர்ந்தன. ஆட்கள் நிம்மதியாக எழ ஆரம்பித்தார்கள்.

லெஸ் தொண்டையைச் செருமினார்.

"ரோலண்ட்."

"சொல்லுப்பா."

"இன்னொரு தடவை போடு."

எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள். அடுத்து ஒரு 'தொந்தரவா இருந்தா வேண்டாம்' வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ரோலண்ட்கூடக் கையை நீட்டியபடி காத்திருந்தார். அது வரவில்லை.

"கொஞ்சம் முன்னாடியிருந்து போடு" என்றார் லெஸ். "சத்தம் வேண்டாம், பாட்டும் வேண்டாம். ஏவ்ரில், அந்த விளக்கை அணைச்சிடு. முன்னால நிக்கறவரு, உக்காருங்க. தலை மறைக்குது."

முன்னால் நின்றவர் திடுக்கிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தீர்மானமும் இல்லை, வழிமொழிதலும் இல்லை. ரோலண்ட் பொத்தானை அழுத்தினார்.

இரண்டாவது தடவையை நான் பார்க்கவில்லை. மூன்றாவதையும் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கைக்குட்டை எப்போதோ தீர்ந்துபோய், ஏவ்ரில் இருட்டில் தடவித் தடவி, தட்டு துடைக்கும் துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டிருந்தாள். அதில் முட்டை வாடை அடித்தது.